நடுத்தீர்வைச் சுவரில் ஒரு முகம்

ஓர்ஸ்பி ஊர்க் கோயிலின் சுவர்களை உயர்த்தி, மேலே வரிசையாகப் புது ஜன்னல்கள் வைத்த வருஷம் ஹவிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் புருஷன் ஆஸ்பர்ட்தான் அப்போது கோயில் காரியஸ்தன். பீடம் இருக்கும் உள்மண்டபம் சாமியாரின் பொறுப்பு. சனங்கள் நின்று பூசை பார்க்கும் கூடம் ஊரின் பொறுப்பு. ஆட்டு ரோமம் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் என்பதால் ஊரும் கையை இறுக்கவில்லை. அதுவரை பட்டப்பகலிலும் மெழுகுதிரி இல்லாமல் ஆள் முகம் தெரியாத கூடத்தில் இப்போது வெளிச்சம் கொட்டியது. கூரை விட்டங்களின் நுனியில் இறக்கை விரித்து நின்ற மரச் சம்மனசுகளுக்கு மூக்கும் முழியும் இருப்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

வெளிச்சத்தோடு ஒரு குறையும் தெரிந்தது. கூடத்துக்கும் உள்மண்டபத்துக்கும் நடுவிலிருக்கும் பெரிய வளைவின் மேலே வெறும் சாந்துச் சுவர், உலர்த்திப் போட்ட துப்பட்டி மாதிரி வெளேரென்று நின்றது. பக்கத்து ஊர்க் கோயில்களில் அந்த இடத்தில் நடுத்தீர்வைப் படம் இருந்தது. ஆண்டவர் வானவில்மேல் உட்கார்ந்து காயங்களைக் காட்ட, இந்தப் பக்கம் நல்லவர்கள் மோட்சத்துக்கும் அந்தப் பக்கம் கெட்டவர்கள் நரகத்துக்கும் போகிற படம். நம் ஊரில் மட்டும் இல்லையே என்று ஆஸ்பர்ட் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு, நாரிச் பட்டணத்திலிருந்து ஜெர்வாஸ் என்ற ஓவியனை வரவழைத்தான்.

ஜெர்வாஸ் நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கியபோது வந்தான். அந்த நாட்களில் வளைவுக்கு முன்னால் நிற்கும் பெரிய சிலுவையையும் சுரூபங்களையும் எப்படியும் துணி போட்டு மூடிவிடுவார்கள். அந்தத் துணியையே கொஞ்சம் அகலமாகக் கட்டி, அதன் பின்னால் சாரம் போட்டுக்கொண்டு அவன் வேலை செய்தான். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் யாரும் பார்க்கக்கூடாது என்பது ஏற்பாடு. தங்கலும் சாப்பாடும் காரியஸ்தன் வீட்டில்.

ஹவிஸுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். வாய்த் துடுக்கு உண்டு. ஆள் பேசுவதுபோலப் பேசிக் காட்டுவாள், நடப்பதுபோல நடந்து காட்டுவாள். ஆஸ்பர்ட் நல்லவன்தான், ஆனால் சிரிக்கத் தெரியாதவன். அவள் எதைச் செய்து காட்டினாலும் "ம்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருப்பான். ஜெர்வாஸ் சிரித்தான். உப்புக் கருவாடும் பார்லி ரொட்டியுமாக அவன் முன்னால் வைத்துவிட்டு, பண்ணையின் மேஸ்திரி எப்படிக் கனைப்பான், மாவரைக்கிறவன் எப்படித் தராசைப் பார்ப்பான் என்று அவள் செய்து காட்ட, அவன் வாயிலிருந்த ரொட்டி புரையேறும். சாயங்காலம் எப்போது வரும் என்று அவள் காத்திருக்கத் தொடங்கினாள். அவன்மேல் ஆசையெல்லாம் இல்லை. சிரிக்க ஒரு ஆள் கிடைத்த ருசிதான்.

ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் சமயம் அது. ஆஸ்பர்ட் மேய்ச்சல் பக்கமே கிடந்தான். அப்படி ஒரு சாயங்காலம் ஜெர்வாஸ் அலுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மோட்சப் பக்கம் முடிந்துவிட்டது, நரகப் பக்கம்தான் இழுக்கிறது என்றான்.

"மோட்சத்துல எந்த மூஞ்சியப் போட்டாலும் சனங்க ஒத்துக்குவாங்க வீட்டம்மா. நரகத்துல இருக்கிறவளப் பாத்தா, இவள எங்கயோ பாத்திருக்கோமேன்னு தோணணும். பீர்க்காரி ஒருத்திய பசாசு தோள்ல தூக்கிட்டுப் போறான். அவளுக்கு மூஞ்சி கெடைக்கல."

அளவு குறைத்து விற்கிற பீர்க்காரி இல்லாத நரகம் அந்தச் சீமையில் எந்தக் கோயில் சுவரிலும் கிடையாது. ஹவிஸ் அடுப்பருகில் நின்றவள் திரும்பினாள்.

"அதுக்கு எதுக்கு ரொம்ப யோசிக்கிறீரு? எங்க ஊர்லயே ஒருத்தி இருக்கா" என்றாள்.

சன்னிவா அடுத்த தெருவில் பீர் காய்ச்சி விற்கிற விதவை. ஹவிஸைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஹவிஸின் மகள் ஆமிஸுக்கு ஞானத்தாய் அவள்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள். ஹவிஸும் பீர் காய்ச்சுவாள். வாசலில் கம்பு நட்டுத் தழைக் கொத்துக் கட்டினால் பீர் தயார் என்று அர்த்தம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஹவிஸின் பீர் இரண்டு தடவை புளித்துப்போயிற்று. ஆற்றங்கரையில் துணி அலசுகிற பெண்கள் முன்னால் சன்னிவா, "தொட்டிய நல்லாக் கொதிதண்ணி ஊத்திக் கழுவணும் ஹவிஸ், இல்லாட்டி இப்பிடித்தான்" என்று சொன்னாள். நல்லதுக்குச் சொன்னதுதான். ஆனால் மற்றவர்கள் சிரித்தார்கள். அது ஹவிஸின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

இப்போது அவள் தலைத்துணியை இழுத்து இடது காதுக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மோவாயில் விரலை வைத்து, இங்கே ஒரு மச்சம், அதில் ஒரு முடி என்றாள். குடத்தை இடுப்பில் இடுக்கி, உதட்டைக் குவித்து, கண்ணை ஒருக்களித்து ஊற்றிக் காட்டினாள். ஜெர்வாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கிவிடுமோ என்ற அவசரத்தில் அவள் வாயில் இன்னொன்றும் வந்தது.

"அளவுக் குவளைக்கு அடியில மெழுகு அப்பி வெச்சிருக்கா. மேல நுரை, அடியில மெழுகு, நடுவுலதான் பீரு."

அப்படி ஒரு மெழுகை அவள் பார்த்ததே இல்லை.

ஜெர்வாஸ் கரித்துண்டை எடுத்து அடுப்புக் கல்லில் நாலு கோடு இழுத்தான். சன்னிவா அப்படியே வந்து நின்றாள். ஹவிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். "இதச் சுவத்துல போட்டுடாதேயும்" என்று சொல்ல ஒரு நினைப்பு வந்தது. அதைச் சொன்னால் சிரிப்புக் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டாள்.

பாஸ்கு அன்று கோயில் நிரம்பி வழிந்தது. பியர்ஸ் சாமியார் சைகை காட்ட, ஆஸ்பர்ட் தானே கயிற்றை இழுத்தான். துணி சரிந்து விழுந்தது. புது ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் நேராகச் சுவரில் அடித்தது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஆண்டவர், அவர் காலடியில் முழந்தாளிட்ட மாதா, யோவான். ஒரு பக்கம் கல்லறைகளிலிருந்து எழுந்து வரும் அம்மண ஆத்துமாக்களை மோட்ச வாசல் காவலர் ராயப்பர் சாவியோடு வரவேற்றார். மறுபக்கம் மலைபோலத் திறந்த மீன் வாய்க்குள் பசாசுகள் சனங்களைச் சங்கிலி கட்டி இழுத்தன. கூட்டத்துக்கு மூச்சு நின்றது. சிலர் மண்டியிட்டார்கள். ஹவிஸும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நரகப் பக்கம் போவதற்குள், கையைப் பிடித்து நின்ற ஆறு வயது ஆமிஸ் சந்தோஷமாகக் கூவினாள்.

"அம்மா, ஞானம்மா மேல இருக்காங்க!"

அத்தனை தலையும் திரும்பின. மீன் வாயின் விளிம்பில், நீலப் பசாசு ஒன்றின் தோளில் பீர்க்காரி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் துணி இல்லை. தலையில் மட்டும் இடது காதுக்குக் கீழே முடிச்சிட்ட துணி. கையில் குடம். மோவாயில் மச்சம். குவிந்த உதடு.

யாரோ ஒருவன் சிரித்தான். அதன்பின் கோயில் என்றும் பாஸ்கு என்றும் பாராமல் கூடமே சிரித்தது. ஆமிஸ் தானும் ஏதோ நல்லது சொல்லிவிட்டதாக நினைத்துச் சிரித்தாள். சன்னிவா பெண்கள் பக்கத்தில் தூணருகே நின்றாள். அவள் கை தானாக மேலே போய்த் தலைத்துணி முடிச்சைத் தொட்டது. பிறகு கையை இறக்கிவிட்டு, பூசை முடியும் வரைக்கும் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அழவில்லை. ஹவிஸுக்குத்தான் காது மடலிலிருந்து கழுத்துவரை எரிந்தது. சாரத்தருகே நின்ற ஜெர்வாஸ் அவளைத் தேடிப் பார்த்து, நம் இருவருக்கும் தெரிந்ததுதானே என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினான். அந்த வாரமே அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

அதற்கப்புறம் சன்னிவாவின் வாசலில் தழைக் கொத்து வாடித் தொங்கியது. வாங்க வருகிற ஒன்றிரண்டு பேரும், குவளையைக் கவிழ்த்துக் காட்டு, மெழுகு இருக்கிறதா பார்ப்போம் என்று சீண்டினார்கள். மெழுகுக் கதை எப்படி வெளியே வந்தது என்று ஹவிஸுக்குத் தெரியவில்லை. போகிற போக்கில் ஜெர்வாஸ் எங்கேயாவது சொல்லியிருப்பான். பீரை ருசி பார்த்து அளவு சோதிக்கிற அதிகாரி வந்து குவளையைச் சோதித்து, அளவு சரி என்று தெருவிலேயே சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் கேட்கவில்லை. கோயில் சுவரே சொல்கிறது, இவர் என்ன சொல்வது என்று விட்டுவிட்டார்கள்.

சன்னிவாவிடம் போகாதவர்கள் ஹவிஸிடம் வந்தார்கள். புளித்ததைக்கூடக் குறை சொல்லாமல் வாங்கிப்போனார்கள். ஒவ்வொரு தடவையும் குடத்தைச் சாய்க்கும்போது அவளுடைய உதடு தானாகக் குவிந்தது. அன்றைக்குச் செய்து காட்டியது போலவே குவிகிறதே என்று அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

ஆஸ்பர்ட்டிடம் ஒருநாள் ஜாடையாகப் பேச்செடுத்தாள். அந்த ஒரு முகத்தை மாற்றச் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். அவன் புரியாமல் பார்த்தான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துப் போகிறார்கள், அதில் கை வைப்பதா என்றான். சாமியாரிடம் கேட்டாள். பியர்ஸ் சாமியார் சலித்துப்போன நல்ல மனிதர். படத்தைப் பார்த்து நாலு பேர் அளவைச் சரியாக வைத்தால் நல்லதுதானே என்றார். அது சன்னிவா என்று எங்கே எழுதியிருக்கிறது என்றும் கேட்டார். அந்த இடத்தில் ஹவிஸ் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஆமிஸ் ஞானத்தாய் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் நாளுக்கு நாலு தடவை ஓடுகிற குழந்தை. ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, ஞானம்மாவைப் பசாசு தூக்க வரும்போது பக்கத்தில் நின்றால் தன்னையும் சேர்த்துத் தூக்கிவிடும் என்றாள். தெருவில் சன்னிவா ஆப்பிள் ஒன்றை நீட்டியபோது, குழந்தை வாங்காமல் அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சன்னிவா நீட்டிய கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மடக்கிக்கொண்டாள். சொல்ல நினைத்த வார்த்தை எதுவும் தன் வாய்க்குப் பொருந்தாது என்று ஹவிஸுக்குத் தோன்றியது.

புல் அறுப்பு தொடங்கி ஊர் முழுவதும் வயலில் கிடந்த ஒரு மத்தியானம் அவள் கோயிலுக்குப் போனாள். சுவர் பூசி மிச்சமான சுண்ணாம்பு மணிக்கூண்டின் அடியில் ஒரு தொட்டியில் இருந்தது. அதில் கொஞ்சம் வாளியில் கரைத்து எடுத்துக்கொண்டாள். வளைவுக்குக் குறுக்கே நின்ற மரத்தட்டியின் மேல் ஒரு நடைமேடை உண்டு. பெரிய சிலுவைக்கு மெழுகுதிரி ஏற்ற அதில் ஏறிப் போவார்கள். சுவருக்குள்ளேயே சுழன்று ஏறும் இடுக்கான படி. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

மேலே போனபின்தான் படம் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. கீழிருந்து பார்க்க முகமாய்த் தெரிந்தது கிட்டத்தில் ஏழெட்டுத் தீற்றல்கள்தான். மச்சம் கருப்புச் சாயத்தில் ஒரே ஒரு பொட்டு. கைப்பிடிக் கட்டையில் முழங்காலை ஊன்றி எட்டி, கந்தலைச் சுண்ணாம்பில் முக்கி மச்சத்தில் வைத்தாள். மச்சம் மட்டும் போனால் போதும் என்றுதான் வந்தாள். சுண்ணாம்பு வழிந்து உதட்டில் இறங்கியது. உதட்டைத் துடைக்கப் போக, கண்ணோடு கன்னமும் கரைந்தது. கடைசியில் முகம் முழுவதையும் பூசிவிட்டு இறங்கினாள். விரல் நுனியெல்லாம் வெந்து எரிந்தது.

பூச்சு காய்ந்ததும் பளிச்சென்று ஆயிற்று. ராயப்பர் திருநாள் பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது அதைத்தான். அத்தனை வர்ணத்துக்கு நடுவில், தலைத்துணிக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம்.

யார் செய்தார்கள் என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. வேறு யார், சன்னிவாதான். அறுப்பு நேரத்தில் அவள் கோயில் முற்றத்திலிருந்து வெளியே வந்ததை மாவரைக்கிறவன் பார்த்திருந்தான். புருஷனின் கல்லறைக்குப் போய்வந்ததாக அவள் சொன்னது எடுபடவில்லை. ஆண்டவர் படத்தில் கை வைத்தவளை, சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அங்கே போனால் பூசையிலிருந்தே விலக்கிவிடுவார்கள். செத்தால் கோயில் மண்ணில் இடம் கிடைக்காது. அதற்குமுன் ஊரிலேயே விசாரித்துவிடலாம் என்று சாமியார் சொல்ல, ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோயில் முகப்பு மண்டபத்தில் கூடினார்கள். ஊர் வழக்கெல்லாம் அங்கேதான்.

"நீ செஞ்சியா இல்லையா, அத மட்டும் சொல்லு சன்னிவா" என்றார் பியர்ஸ் சாமியார்.

"என் மூஞ்சிய அழிக்க எனக்கு ஆசதான் சாமி. அந்தப் படி ஏற என் முட்டி விடாதே" என்றாள் சன்னிவா.

ஆள் வைத்துச் செய்திருப்பாள் என்று மாவரைக்கிறவன் சொன்னான். ஆஸ்பர்ட், தான் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த வேலை இப்படி ஆயிற்றே என்று புலம்பினான். ஹவிஸ் கல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கைகளை மேலங்கிக்குள் ஒளித்திருந்தாள். தன் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், சும்மா உட்கார்ந்தால் போதும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்ததே அவளை எழுப்பிவிட்டது.

"நான்தான் பூசினேன்" என்றாள்.

பிறகு நடந்தது அவள் எதிர்பார்க்காதது. மாவரைக்கிறவனின் பெண்டாட்டி வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். பாவம், பிள்ளைக்கு ஞானத்தாய் ஆயிற்றே, காப்பாற்றப் பார்க்கிறாள் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தன்மேல் பழியை இழுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும் என்றது இன்னொரு குரல். சாமியாரின் கண் பனித்துவிட்டது.

"உன் மனசு பெருசு ஹவிஸ். ஆனா பொய் சொல்லி ஒருத்தரக் காப்பாத்தக் கூடாது" என்றார்.

ஆஸ்பர்ட்கூட அவளைப் பெருமையாகப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிப் பார்த்ததில்லை. ஹவிஸ் வாய் திறக்காமல் நின்றாள். அந்தப் பார்வையும் தோளைத் தொட்ட கையும் இதமாக இருந்தன. கொஞ்ச நேரந்தான். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் தான் நின்ற நிலையை நினைத்துத்தான் பின்னாளில் அவள் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசினாள்.

"அவ கையப் பாருங்க" என்றாள் சன்னிவா.

சன்னிவா எழுந்து வந்து, ஹவிஸின் கையை மேலங்கியிலிருந்து வெளியே இழுத்து விரித்தாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. சுண்ணாம்பு தின்ற விரல்களை யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

"ஏன் பூசினே?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை.

ஹவிஸுக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மோவாயைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த ஓவியனுக்கு உங்க மூஞ்சிய நான்தான் சொன்னேன் அக்கா. மச்சத்தச் சொன்னேன். முடிச்ச நானே போட்டுக் காட்டினேன். குவளையில மெழுகுன்னதும் நான்தான். அப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்ல."

தோளை அணைத்திருந்த கை விலகிக்கொண்டது. சன்னிவா அவள் கையை விடவில்லை.

"அவன் சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"அதுக்காகத்தானா?"

ஹவிஸ் தலையாட்டினாள். சன்னிவா கையை விட்டாள். எறியவில்லை, எடுத்த இடத்தில் ஒரு பொருளை வைப்பதுபோல விட்டாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கி நடந்தாள். இத்தனை நாள் அவளைச் சீண்டியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

ஆஸ்பர்ட் அன்று வீட்டில் கத்துவான் என்று ஹவிஸ் காத்திருந்தாள். அவன் கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "என்கிட்ட சிரிப்பு வராதுன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னான். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள்.

தண்டனையைச் சாமியாரே கொடுத்தார், மன்றம்வரை போகவில்லை. சில ஞாயிறுகள் பூசைக்குமுன் ஹவிஸ் உள்சட்டையோடு, தலை மூடாமல், வெறுங்காலில், கையில் மெழுகுதிரியோடு கோயிலைச் சுற்றிவந்து, ஊர் பார்க்கப் பெரிய சிலுவையின் முன்னால் மண்டியிட வேண்டும். சுற்றினாள். கருங்கல் சில்லுகள் காலைக் குத்தின. ஆண்கள் பக்கமிருந்து யாரோ, அடுத்தது என் மூஞ்சியச் செஞ்சு காட்டு என்றார்கள். அதெல்லாம் முகப்பு மண்டபத்தில் கேட்ட பாராட்டைவிட இலேசாக இருந்தது. மண்டியிட்டு நிமிர்ந்தால் நேர் எதிரே அந்த வெள்ளை வட்டம். சன்னிவா பழையபடி தூணருகே நின்றாள். அவளைப் பார்க்கவே இல்லை.

கடைசி ஞாயிறு முடிந்து, காலில் மண்ணோடேயே ஹவிஸ் சன்னிவா வீட்டு வாசலில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டாள். சன்னிவா முளைகட்டிய பார்லியைப் பாயில் கிண்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நீ சுத்தி முடிச்சுட்டே. நான் இன்னும் மேலதான் இருக்கேன்" என்றாள்.

அறுவடை கழிந்து ஜெர்வாஸை மறுபடி வரவழைத்தார்கள். அவன் நடந்ததைக் கேட்டுத் தோளைக் குலுக்கினான். தான் கேட்டது முகத்தைத்தான், அவள் வாழ்க்கையை இல்லை என்று சொன்னான். பிறகு அவனுக்கே என்னவோபோல் ஆகி, வர்ணக் கிண்ணங்களைப் பார்த்துக் குனிந்துகொண்டான். வெள்ளை வட்டத்தில் யார் முகத்தைப் போடுவது என்று கேட்டான். சாமியார் சன்னிவாவை வரச் சொல்லியிருந்தார். அவளே சொல்லட்டும் என்றார்.

ஹவிஸ் முன்னால் வந்தாள். இதை நாள்கணக்காக யோசித்து வைத்திருந்தாள். தன் முகத்தைப் போடச் சொன்னாள். மூக்கு, நெற்றித் தழும்பு, எல்லாம் பார்த்து வரையட்டும். காலத்துக்கும் தானே பசாசின் தோளில் இருந்துகொள்கிறேன் என்றாள். ஆஸ்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாமியார் இது நியாயந்தான் என்பதுபோலத் தலையசைத்தார்.

"வேண்டாம்" என்றாள் சன்னிவா.

"ஏன்க்கா?"

"உன் மூஞ்சியப் போட்டா உனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிடும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நிமுந்து பாத்து, நான் குடுத்துட்டேன், தீந்துதுன்னு இருப்பே. உம் பிள்ள பாத்துப் பாத்துச் சாவும். என் பேரச் சொல்லி இன்னொருத்திய ஏன் அங்க ஏத்தணும்?"

ஓவியனைப் பார்த்து, அந்தக் குடத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிற மாதிரி வரைந்து முகத்தை மறைத்துவிடச் சொன்னாள். ஜெர்வாஸ் அப்படியே செய்தான். பீர்க்காரி இப்போது குடத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நரகத்துக்குப் போகிறாள். வெளியூர்க்காரர்களுக்கு, வெட்கத்தில் மறைத்துக்கொண்டாள்போல என்று தோன்றும். ஓர்ஸ்பிக்காரர்களுக்குக் குடத்துக்குப் பின்னால் எவள் இருந்தாள், யாரால் இருந்தாள் என்பது தெரியும். சிரிப்பவர்கள் இல்லை. அந்தப் பக்கம் கண் போனால் பலர் சட்டென்று மோட்சப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஹவிஸ் பீர் காய்ச்சுவதை விட்டுவிட்டாள். ஆனால் வீட்டில் பீர் இல்லாமல் முடியாது. அந்தச் சீமையில் வெறும் தண்ணீரை யார் குடிப்பார்கள்? அவள் கலயத்தை எடுத்துக்கொண்டு சன்னிவா வீட்டு வாசலில் மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். முதல் நாள் அவளைக் கண்டதும் வரிசை பேச்சை நிறுத்தியது. சன்னிவா அவளுக்கும் மற்றவர்களைப் போலவே அளந்து ஊற்றினாள், காசை வாங்கிக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். பக்கத்து ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆஸ்பர்ட் சொன்னான். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்தத் தெரு முனையில் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றும். தோன்றட்டும் என்று போவாள். ஒரு தடவை ஆமிஸும் கூட வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, சன்னிவா நீட்டிய வால்நட்டை ஓடிவந்து வாங்கிக்கொண்டு மறுபடி வெளியே ஓடினாள்.

குளிர் இறங்கிவிட்ட ஒருநாள் வரிசையில் ஹவிஸ் ஒருத்திதான் இருந்தாள். வண்டிக்காரன் பார்லி மூட்டைகளை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். மழை தூறத் தொடங்கியது. சன்னிவா ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்தாள், அது நகரவில்லை. ஹவிஸ் கலயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். தான் தொட்டால் பிடிக்குமோ பிடிக்காதோ என்று அவளுக்கு அடி எடுத்து வைக்க வரவில்லை.

"நின்னு என்ன பாக்குறே? அந்தப் பக்கம் பிடி" என்றாள் சன்னிவா.

இருவரும் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே அடுக்கினார்கள். மூட்டைக்கு மேலாக இரண்டு முகமும் கிட்டத்தில் வந்து வந்து விலகின. ஹவிஸ் அவள் மோவாயைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்; பார்க்காமல் இருக்க முடியவில்லை. முடிந்ததும் சன்னிவா கையைத் தட்டிக்கொண்டு, கலயத்தை வாங்கி ஊற்றிக் கொடுத்தாள். நன்றி சொல்லவில்லை. காசை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கினாள்.

முகம் கொதிக்க, மழையில் ஹவிஸ் வீட்டுக்கு நடந்தாள்.